மொன்றியல் 1989 சம்பவத்தை வைத்து ஒரு குறும்படம்: துவக்கைக் காட்டலாமா, வேண்டாமா?

இரவுவண்டி:

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் திரைப்படக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இந்தத் தவணைக்கு 12 நிமிடக் குறும்படம் ஒன்று செய்ய வேண்டும். 1989 டிசம்பர் 6ஆம் திகதி மொன்றியல் எக்கோல் பொலிடெக்னிக்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டை மனத்தில் வைத்து ஒரு கற்பனைக் கதை எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: பின்னேரம் ஒருவன் அந்தப் பொறியியல் கல்லூரிக்குள் துவக்கோடு போகிறான், ஐந்து மணி தாண்டி இரண்டாம் மாடியில் ஒரு வகுப்பில் ஆண்களை வெளியே போகச் சொல்கிறான், மிஞ்சிய 9 பெண்களையும் சுடுகிறான், அதில் 6 பேர் இறந்தார்கள். பிறகு நடைவழி, உணவுக்கூடம், இன்னொரு வகுப்பு என்று போய், 20 நிமிடத்துக்குள் மொத்தம் 14 பெண்களைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். நான் பிறப்பதற்கு வெகு முன்னம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு டிசம்பரும் வெள்ளை ரிபன் குத்திவிடுவார்கள், ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை, போன வருடம்தான் தேடி வாசித்தேன்.

என் கதையில் ஊருக்குப் பெயர் இல்லை, கல்லூரிக்கு வேறு பெயர், ஆட்கள் எல்லோரும் கற்பனை. அவன் காரிலிருந்து இறங்குவதில் படம் தொடங்குகிறது, அவன் முதுகுக்குப் பின்னாலேயே கமரா போகும், வெட்டே இல்லாத நீண்ட ஷாட்டுகள். எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சுடப்படுபவர்களில் ஆண்களையும் சேர்த்திருக்கிறேன். கடைசியில் அவனுடைய அம்மா தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிறார், அதோடு முடிகிறது.

அம்மா கதையைக் கேட்டுவிட்டு உனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்றார். வாத்தியார் வேறு மாதிரி, இது யாருடைய கதை என்று முதலில் முடிவு செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அது எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா, உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று தொடக்கத்தில் எழுத்துப் போடலாமா, துவக்கைக் காட்டாமல் எடுத்தால் படத்துக்குப் பலம் இருக்குமா, இதுதான் என் குழப்பம். நண்பனிடம் நிஜம் போலவே இருக்கிற பிளாஸ்டிக் துவக்கு ஒன்று இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

டப்பிங்தியேட்டர்:

தம்பி, சென்னையில் பதினெட்டு வருடமாக சவுண்ட் வேலை பார்க்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். துப்பாக்கியைக் காட்டலாமா என்பதைவிட, கேமரா யார் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். ஒரு ஆளின் முதுகைத் தொடர்ந்து மூன்று நிமிடம் போனால் பார்க்கிறவன் அவன் கட்சி ஆகிவிடுவான், அவன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் அப்புறம். இங்கே ஹீரோ என்ட்ரியை நாங்கள் எப்படி எடுக்கிறோம்? கார் கதவு திறக்கும், முதலில் ஷூ, அப்புறம் முதுகு, அப்புறம் நடை, முகம் கடைசியில்தான். உன் முதல் சீன் அப்படியே ஒரு மாஸ் என்ட்ரி. நீ அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டாய், ஆனால் திரையில் அப்படித்தான் விழும், அதுவும் பின்னணி இசை போட்டாயானால் முடிந்தது கதை.

கஸ் வான் சான்ட் 2003இல் எடுத்த 'எலிஃபண்ட்' அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிச் சம்பவத்தை மனத்தில் வைத்து எடுத்தது, கானில் தங்கப் பனை வாங்கியது, நீ பார்த்திருப்பாய். உன் நீண்ட ஷாட் ஆசை அங்கிருந்துதான் வந்திருக்கும். மறுபடி போட்டுப் பார். அந்த நடைவழி ஷாட்டுகளில் கேமரா பெரும்பாலும் போவது ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிற சாதாரணப் பிள்ளைகளின் பின்னால். நார்வேயில் உத்தோயா தீவு இளைஞர் முகாமில் 2011 ஜூலை 22 அன்று ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 69 பேர் செத்தார்களே, அதை எரிக் போப்பே ஒரே ஷாட்டில் படமாக எடுத்தார், சுடுகிறவன் எங்கேயோ தூரத்தில் ஒரு உருவமாகத் தெரிவதோடு சரி. பயம் முழுக்க சத்தத்தில்தான்.

அதனால் சத்தத்துக்கு வருகிறேன், இது என் ஏரியா. கட்டடத்துக்குள் வெடிக்கிற துப்பாக்கி நம் படத்து டுமீல் மாதிரி இருக்காது. தப்பித்தவர்கள் இந்த மாதிரி சம்பவங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது, பட்டாசு என்று நினைத்தோம், ஏதோ கீழே விழுந்தது என்று நினைத்தோம் என்பதுதான். இரண்டு சுவர் தாண்டி வரும்போது மேல் அலைவரிசை எல்லாம் அடிபட்டுப் போய், வெறும் தொப் என்று ஒரு கதவு சாத்துகிற சத்தம் மாதிரி கேட்கும். உன் படத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள், தொப். பேனாவை நிறுத்துகிறாள். பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறாள். ஒன்றுமில்லை என்று மறுபடி எழுத ஆரம்பிக்கிறாள். அந்த ஷாட்டுக்கு எந்தத் துப்பாக்கியும் வேண்டாம், ஒரு பழைய இரும்பு பீரோவும் ஒரு ரெக்கார்டரும் போதும்.

நேரா_பேசுவேன்:

எல்லோரும் டெக்னிக் சொல்லிக் கொடுக்கிறீர்கள், நான் கேட்பது ஒன்றுதான். செத்தவர்களை வைத்து மார்க் வாங்க வேண்டுமா? அந்த 14 பேரின் அப்பா அம்மாவுக்கு இப்போது எண்பது வயது பக்கம் இருக்கும், யாராவது ஒருத்தர் கண்ணில் யூடியூப்பில் உங்கள் படம் படும். காதல் கதை ஒன்று எடுத்துவிட்டுப் போங்கள் தம்பி, யாருக்கும் வலிக்காது.

பனிக்காலக்கிழவன்:

தம்பி, நான் 87இல் மொன்றியலுக்கு வந்தவன். அப்போது எங்கள் ஆட்கள் கோட் தே நேஜ் பக்கம்தான் கூடுதலாக இருந்தோம், ஒரு அறைக்குள் ஆறு பேர். பொலிடெக்னிக் அங்கிருந்து நடந்து போகிற தூரம், மலைச்சரிவில் பல்கலைக்கழகத்தோடு ஒட்டி நிற்கும். அன்று பின்னேரம் நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சைரன் சத்தம் நிற்கவே இல்லை. எனக்கு அப்போது பிரெஞ்சு ஓடாது, சமையல்காரர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு வேலையை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார், பெண்பிள்ளைகள் என்கிற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. துவக்குச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடுகிற நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று அதற்கு முதல் வாரம்தான் ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தேன்.

அன்று பொலிஸ் தரப்பில் பத்திரிகைக்காரர்களோடு கதைக்கிற அதிகாரி வெளியே நின்று விபரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே கிடந்தவர்களில் ஒருத்தி அவருடைய மகள். இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. உன் படத்தில் இதை வைத்தால், சும்மா சினிமாவுக்காகச் சேர்த்தது என்பார்கள். வைக்காதே.

சுட்டவனின் பெயர் எனக்கு இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவ்வளவு தரம் ரிவியில் சொன்னார்கள். இறந்த 14 பேரில் ஒருத்தியின் பெயரும் எனக்குப் பத்து வருடமாகத் தெரியாது. பிறகு குயின் மேரி வீதியும் டெசெல் வீதியும் சந்திக்கிற இடத்தில் அவர்களுக்காக ஒரு இடம் ஒதுக்கி, 1999இல் கல்லும் எழுத்துமாக நினைவுச்சின்னம் வைத்தார்கள். பெயர்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து வைத்திருப்பார்கள், நடந்துகொண்டே வாசிக்க முடியாது, நின்று குனிந்து பார்க்க வேண்டும். என் மகள் சின்னவளாக இருக்கும்போது பஸ்ஸுக்குப் போகிற வழியில் நாளைக்கு ஒரு பெயர் என்று வாசிப்போம், இரண்டு வாரம் சுணங்கிச் சுணங்கித்தான் பள்ளிக்கூடம் போனாள். உன் கதையில் சுட்டவனுக்குப் பெயர் வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் முதலில் அதை அழி.

மேலே ஒருத்தர் எடுக்காதே என்கிறார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெனி வில்நெவ் 2009இல் இதே சம்பவத்தைப் படமாக எடுத்தபோது இங்கேயும் அந்தக் கதை இருந்தது, 20 வருடம் ஆகியும் சனத்துக்கு ஆறவில்லை. நானும் பார்க்கமாட்டேன் என்றுதான் இருந்தேன், மகள் கூட்டிக்கொண்டு போனாள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, ரத்தம் சிவப்பாகத் தெரியாது. தொடக்கத்திலேயே, உயிர் தப்பியவர்கள் சொன்னதை வைத்து எடுத்தது, இறந்தவர்களுக்கும் குடும்பங்களுக்கும் மரியாதையாக ஆட்களைக் கற்பனையாக வைத்திருக்கிறோம் என்று எழுத்துப் போடுவார்கள். சுட்டவனுக்குப் படத்தில் பெயரே கிடையாது. எழுத்துப் போடலாமா என்ற உன் கேள்விக்கு அதுதான் பதில், இரண்டு வசனம், திகதி, முடிந்தது. தப்பியவர்களும் குடும்பங்களும் சேர்ந்து நடத்துகிற பொலி சே சூவியன் என்கிற அமைப்பு இருக்கிறது, துவக்குச் சட்டத்துக்காக இன்றுவரை நின்று போராடுகிறவர்கள். அனுமதி தாருங்கள் என்று கேட்டு அவர்களுக்குப் பாரம் ஏற்றாமல், இப்படி ஒன்று செய்கிறேன் என்று பணிவாக ஒரு கடிதம் போடு. பதில் வராவிட்டால் திருப்பித் திருப்பி எழுதாதே.

இன்னொன்று. 1995 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து இருபதுக்கும் மேலே பிள்ளைகள் போனார்கள் அல்லவா, என் மனைவிக்கு அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு வருடமும் நம்மாட்கள் நல்ல எண்ணத்தில்தான் அந்தப் பிள்ளைகளின் உடல்களைப் படமாகப் போடுகிறார்கள். அவள் செப்டெம்பர் மாதம் முழுக்க முகநூலைத் திறப்பதில்லை.

இரும்புமோதிரம்:

எல்லோரும் துவக்கைப் பற்றியே கதைக்கிறீர்கள், கேள்வியில் இருந்த ஒரு வரியை ஒருத்தரும் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஆண்களையும் சேர்த்திருக்கிறாராம். தம்பி, உங்கள் படம் அந்த வரியிலேயே போய்விட்டது.

நான் ஒன்ராறியோவில் இயந்திரப் பொறியியல் படித்தவள். எங்கள் வகுப்பில் நூறு பேருக்கு மேல், அதில் பெண்கள் பதினொரு பேர். ஒவ்வொரு டிசம்பர் 6ஆம் திகதியும் பரீட்சைக்கு நடுவில் கீழ்த்தளத்தில் கூடி 14 பெயர்களையும் வாசித்து 14 ரோஜாப் பூ வைப்போம். கனடாவில் பொறியியல் படித்த பெண் யாரைக் கேட்டாலும் இந்தத் திகதி தெரியும். முதல் வருடம் அந்தப் பெயர்களை வாசித்தபோதுதான், இவர்களைச் சுட்டது நான் இப்போது இருக்கிற கதிரையில் இவர்கள் இருந்ததற்காக என்று எனக்கு உறைத்தது.

அவன் அதை மறைக்கவே இல்லை. வகுப்பில் நின்று பெண்ணியவாதிகளை வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சுட்டான். நாங்கள் வெறுமனே பொறியியல் படிக்கிற பெண்கள் என்று ஒரு மாணவி பதில் சொல்லியிருக்கிறார். அவருக்கும் சூடு விழுந்தது, ஆனால் பிழைத்தார். நதாலி ப்ரொவோ, பிறகு எத்தனையோ வருடம் துவக்குக் கட்டுப்பாட்டுக்காகப் பேசி, 2025இல் பாராளுமன்றத்துக்கே தெரிவானார். அவன் சட்டைப்பைக்குள் வைத்திருந்த கடிதத்தில் இன்னும் 19 பெண்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது, பொலிஸ் அதை வெளியே விடவில்லை. அந்தப் பட்டியலில் தன் பெயரும் இருந்த ஒரு பெண் பத்திரிகையாளருக்கு அடுத்த வருடம் அது போய்ச் சேர்ந்து, அதன் பிறகுதான் அச்சில் வந்தது. அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், விசரன் ஒருவன் செய்த வேலை, யாருக்கும் நடந்திருக்கலாம், இதை அரசியல் ஆக்காதீர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐயா சொன்ன அந்த நினைவிடத்துப் பலகையில் 2019 வரைக்கும் துயரச் சம்பவம் என்றுதான் எழுதியிருந்தது. 30 வருடம் கழித்துத்தான் பெண்ணியத்துக்கு எதிரான தாக்குதல் என்று மாற்றினார்கள். 30 வருடம் இழுத்து முன்னால் கொண்டுவந்ததை நீங்கள் 12 நிமிடத்தில் பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறீர்கள்.

ஊரை மாற்றுங்கள், வருடத்தை மாற்றுங்கள், 14ஐ ஒன்றாக்குங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் நடந்தது என்பதை மாற்றினால் அது வேறு சம்பவம். அப்படியானால் டிசம்பர் 6ஐ இதற்குள் இழுக்காதீர்கள்.

கொலம்பைனிலும் இதே கூத்துதான். ஒதுக்கி வைக்கப்பட்ட பெடியன்கள் தங்களை வதைத்தவர்களைத் திருப்பி அடித்தார்கள் என்று 1999இல் முதல் வாரத்திலேயே ஒரு கதை பரவியது. அவர்கள் முதலில் போட்ட திட்டம், மதியச் சாப்பாட்டு நேரம் உணவுக்கூடத்தில் குண்டு வைத்து, யார் எவர் என்று பாராமல் நூற்றுக்கணக்கில் கொல்வது. குண்டு வெடிக்காததால்தான் துவக்கோடு உள்ளே போனார்கள். பழிவாங்கும் கதை அங்கேயே உடைந்துவிட்டது, ஆனாலும் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு என்று யார் படம் எடுத்தாலும் இன்றுவரை அந்த முதல் வாரக் கதையைத்தான் எடுக்கிறார்கள்.

உங்கள் படத்தில் முதல் ஷாட் அவன், கடைசி ஷாட் அவனுடைய அம்மா, இடையில் செத்துப்போகிறவர்கள். உங்கள் வாத்தியார் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

டப்பிங்தியேட்டர்:

அந்த வரியை நானும் தாண்டிப் போய்விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். சத்தம் சத்தம் என்று பேசிவிட்டு கதையைக் கோட்டை விட்டேன்.

ஆனால் ஒன்று தோன்றுகிறது. அந்த வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட ஆண்கள் கிட்டத்தட்ட 50 பேர். நடைவழியில் நிற்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது. முதலில் இது ஏதோ தவணைக் கடைசி விளையாட்டு என்று வகுப்பில் யாரும் அசையவே இல்லையாம், மேற்கூரையில் ஒரு சூடு விழுந்த பிறகுதான் விளங்கியதாம். 12 நிமிடமும் அந்தக் கதவு, அந்த முகங்கள். படம் அதுதானே?

இரும்புமோதிரம்:

நல்ல காட்சி அண்ணா, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே போன அந்தப் பெடியன்களை அன்றைக்கே பத்திரிகைகளில் கோழைகள் என்று எழுதினார்கள். துவக்கை நீட்டிப் போ என்றால் இருபது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அன்று அங்கே இருந்த மாணவர் ஒருவர் சில மாதம் கழித்துத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார், பிறகு அவருடைய பெற்றோரும். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் சுட்டவன் மெதுவாக நழுவிப் போய்விடுவான். இன்னொரு பக்கம், கதவுக்கு வெளியிலேயே கமரா நின்றால் உள்ளே இருக்கிற ஒன்பது பேரும் வெறும் சத்தம்தான். நீங்கள் சொன்ன அதே தொப்.

என்னைக் கேட்டால் அந்தக் கதவு திறப்பதற்கு முன்னால் இருக்கிற நேரம்தான் படம். அன்று அந்த வகுப்பில் மாணவர்கள் தங்கள் வேலையை முன்வைத்து விளக்கிக்கொண்டிருந்தார்கள். தவணை முடியப் போகிறது, வெளியே இருட்டு, பனி. ஒரு குழு, நாலு பெடியன்கள், ஒரு பெண். மூன்று இரவு விழித்துக் கணக்கைப் போட்டவள் அவள். பலகைக்கு முன்னால் போய் விளக்குவது யார்? மார்க்கர் யார் கையில்? ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, அவளிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள், நீ குறிப்பெடு என்கிறார்கள். பதினைந்து வருட வேலைக்குப் பிறகும் எனக்கு இன்னும் கூட்டங்களில் நடக்கிறது, யாராவது குறிப்பெடுக்க வேண்டும் என்றால் மேசையில் உள்ள அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். அதை ஒன்பது நிமிடம் எடுங்கள், பிறகு கதவு.

கேபிள்தூக்கி:

கதையை அக்கா பார்த்துக்கொள்வார், நான் வேலை விஷயத்தைச் சொல்கிறேன், ரொறன்ரோவில் படப்பிடிப்புகளில் வேலை செய்கிறவன். அந்த பிளாஸ்டிக் துவக்கை நண்பன் வீட்டிலேயே விட்டுவிடு. நிஜத் துவக்கைப் போலவே செய்த போலித் துவக்கு கனடாவில் தடைசெய்யப்பட்ட பொருள், படங்களுக்கு அதற்கென்று உரிமம் உள்ள நிறுவனங்கள்தான் கொண்டுவரும், கூடவே அவர்களின் ஆளும் வருவார். சட்டத்தை விடு. சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துவக்கோடு நடப்பதை ரோட்டில் நாயோடு போகிற ஆள் பார்த்து 911 அடித்தால், வருகிற பொலிஸுக்கு நீ மாணவன் என்று எப்படித் தெரியும்? 2017இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் க்ராஃபர்ட்ஸ்வில்லில் கொள்ளைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, முகமூடியோடு பொம்மைத் துவக்கு வைத்திருந்த நடிகரை நிஜக் கொள்ளைக்காரன் என்று நினைத்துப் பொலிஸ் சுட்டார்கள். படவில்லை, அது அவருடைய நல்ல காலம். 2021இல் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் துவக்குச் சூடு பட்டு இறந்தது உனக்கே தெரியும், அங்கே சம்பளம் வாங்குகிற ஆயுதப் பொறுப்பாளரே இருந்தார். துவக்கே இல்லாத கதை என்றால் இத்தனை தலையிடியும் இல்லை. அப்போதும் நகரசபைப் படப்பிடிப்பு அனுமதி, கல்லூரியின் காப்புறுதி, அக்கம்பக்கத்துக்கு ஒரு அறிவித்தல் கடிதம், கதவில் படப்பிடிப்பு நடக்கிறது என்று பெரிதாக ஒரு மட்டை, இதையெல்லாம் செய்.

பள்ளிக்கூடம் கேட்டால் தரமாட்டார்கள், உங்கள் கல்லூரியிலேயே ஒரு வகுப்பறையைப் பிடி. நடிக்கிற பிள்ளைகளிடம் முழுக்கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடு, சத்தம் எப்போது வரும் என்பதையும். நான் வேலை செய்த ஒரு படத்தில் கதவை ஓங்கித் தட்டுகிற காட்சி, அவ்வளவுதான், ஒரு பிள்ளை குந்தி இருந்து அழத் தொடங்கிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் ஆபத்து என்று கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிகிற நிஜ லொக்டவுன் ஒன்றில் மேசைக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் இருந்தவளாம். இந்தத் தலைமுறை பாலர் வகுப்பிலிருந்தே லொக்டவுன் பயிற்சி செய்து வளர்ந்தது, உனக்கும் தெரியும்தானே.

கைபேசியில் எடுத்த நிஜ வீடியோ மாதிரி மட்டும் எடுத்துவிடாதே. முப்பது வினாடியை யாராவது வெட்டி எடுத்து உண்மைக் காட்சி என்று சுற்ற விடுவார்கள், இல்லாவிட்டால் பார்த்தீர்களா எல்லாம் நடிப்புத்தான் என்பார்கள். 2012இல் அமெரிக்காவில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 சின்னப் பிள்ளைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, அதெல்லாம் நாடகம், பெற்றோர்கள் கூலி நடிகர்கள் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்கிற வானொலிக்காரர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை வீட்டு வாசலுக்கே வந்து துன்புறுத்தினார்கள். 2022இல் கனெடிகட் ஜூரிகள் அவரை 96.5 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னார்கள்.

நேரா_பேசுவேன்:

கடைசியாகச் சொன்ன கதை, அந்த மார்க்கர் விஷயம், அதுவாக இருந்தால் நான் பார்ப்பேன். மேலே கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், பரவாயில்லை. யூடியூப்பில் போடும்போது முகப்புப் படத்தில் மட்டும் துப்பாக்கியை வைத்துவிடாதீர்கள்.

இரவுவண்டி:

நாலு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, குறை நினைக்க வேண்டாம், திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்.

காரும் இல்லை, முதுகும் இல்லை, அம்மாவும் இல்லை. அவனுக்கு மூன்று எழுத்தில் ஒரு பெயர் வைத்திருந்தேன், அழித்துவிட்டேன், இப்போது அவன் கதையில் ஒரு கதவுப் பிடி திரும்புவது மட்டும்தான். இரும்புமோதிரம் அக்கா, அந்தக் குழுவை அப்படியே எடுத்திருக்கிறேன், கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமென்றால் நன்றியில் போடுகிறேன். தொப் சத்தம் மூன்று தரம் வருகிறது. முதல் தரம் உண்மையாகவே ஒரு கதவு, மாடியில் துப்புரவு செய்கிறவர் சாத்துகிறார், அதைப் பார்ப்பவர்களுக்குக் காட்டிவிடுகிறேன். இரண்டாம் தரமும் கதவு என்றே நினைப்பார்கள். எங்கள் வகுப்பில் மூன்று பெண்களிடம் வாசிக்கக் கொடுத்தேன், ஒருத்தி மார்க்கர் காட்சியில் சிரித்தாள், எனக்கு விளங்காமல் ஏன் என்று கேட்டேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் குழுவிலேயே இது நடந்தது, மார்க்கர் உன் கையில்தான் இருந்தது என்றாள். உண்மைதான். எனக்கு ஞாபகமே இல்லை.

முடிவுதான் இன்னும் வரவில்லை. கதவு திறக்கிறது, பெடியன்கள் எழுந்து வெளியே போகிறார்கள், அவள் இருக்கிறாள், பலகையில் அவளுடைய கணக்கு பாதியில் நிற்கிறது. அங்கேயே வெட்டுவதா, அவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமா? வாத்தியார் வெட்டு என்கிறார். எனக்கு என்னவோ அவளைப் பேசவிடாமல் வெட்டுவது சரியாகப் படவில்லை.

பனிக்கால ஐயா, டிசம்பர் 6க்கு மொன்றியல் வரலாம் என்று யோசிக்கிறேன், காலை பஸ்ஸில் ஏறினால் பின்னேரத்துக்கு முதல் வந்துவிடலாம். உங்களைக் கரைச்சல் படுத்தவில்லை என்றால் அந்தப் பெயர்கள் இருக்கிற இடத்தைக் காட்டுவீர்களா? கமரா கொண்டுவரமாட்டேன்.

பனிக்காலக்கிழவன்:

வா. பெரி பஸ் நிலையத்தில் பஸ் நிற்கும், கீழே மெட்ரோவில் ஓரஞ்ச் லைன் பிடித்து ஸ்னோடனில் இறங்கு, அங்கே நிற்கிறேன். முதலில் பெயர்களைப் பார்ப்போம், பிறகு மலைக்கு. இருட்டினதும் 14 ஒளிக்கம்பம் வானத்துக்கு விடுவார்கள், ஒவ்வொரு பெயராக வாசிக்க ஒவ்வொரு விளக்காக எரியும். மேலே காற்று முகத்தைக் கிழிக்கும், ரொறன்ரோ ஜக்கெட் காணாது, நல்ல சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு வா. மனைவி இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்கிறாளாம், மச்சம் சாப்பிடுவாய்தானே?

இரும்புமோதிரம்:

பேசவிடுங்கள். கணக்கைப் பற்றி ஒரு வரி சொல்லட்டும், பலகையில் மூன்றாவது வரியில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்று. எந்தக் கணக்கு என்று முடிவானதும் எனக்கு அனுப்புங்கள், பிழை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், சும்மா ஏதாவது எண்ணை எழுதிவைத்தால் படத்தைப் பார்க்கிற பொறியியல்காரர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.